கீழே எழுதிய வரி

நூற்று ஐம்பத்தொன்பது மணி நேரம். போகியன்று மாலை ஆறு மணியிலிருந்து அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணி வரை, தஞ்சாவூரில் இருந்த அந்த மண் பரிசோதனைக் கூடத்துக்கு வெளியிலிருந்து ஒரு மின்னஞ்சலும் வரவில்லை. பொங்கல் விடுமுறை. யாரும் தேடவில்லை.

காரணம் ஷீபாதான். கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. "லீவுல எவனாவது உள்ள பூந்துடப் போறான். எல்லாத்தையும் அடைச்சிட்டுப் போம்மா" என்று மேலாளர் இளையபெருமாள் சொல்லியிருந்தார். வெளியிலிருந்து வருவதைச் சலித்து உள்ளே விடும் ஃபயர்வாலில் 'எல்லாவற்றையும் தடு' என்று எழுதினாள். அதற்குக் கீழே, 'மின்னஞ்சலை விடு' என்று எழுதினாள். ஃபயர்வால் மேலிருந்து கீழே படிக்கும். பொருந்துகிற முதல் வரியோடு நின்றுவிடும். கீழ் வரிவரை எதுவும் வந்து சேரவில்லை.

சோதித்துப் பார்க்காமலும் இல்லை. பக்கத்து மேசை சபிஹாவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள்.

"வந்துருச்சு தாயே, கெளம்பு. திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸு உனக்காக நிக்காது" என்றாள் சபிஹா.

அது உள்ளுக்குள்ளேயே போய் வந்த அஞ்சல். ஃபயர்வாலைத் தொடவே இல்லை. இது ஷீபாவுக்குத் திங்கட்கிழமைதான் உறைத்தது. இரண்டு வரிகளையும் இடம் மாற்ற அரை நிமிடம் ஆனது. யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு ஃபயர்வாலின் பதிவேட்டைப் பார்த்தாள். தடுக்கப்பட்ட இணைய முகவரி எண்களில் ஒன்று போகி மாலை 6.40க்கு முதன்முதலாகத் தட்டியிருந்தது. மறுபடி மறுபடி வந்து, ஐந்து நாள் முயன்று, சனிக்கிழமை மாலையோடு ஓய்ந்திருந்தது. எண் யாருடையது என்று தேடினாள். பெங்களூர் ஆராய்ச்சி நிறுவனம். உப்பேறிய வயல்களைப் பற்றிய ஆய்வு வேலைக்கு டிசம்பரில் சபிஹா நேர்காணலுக்குப் போய் வந்த இடம்.

ஏதாவது சுற்றறிக்கையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"எனக்கு ஏதும் வரலையாடி?" என்று சபிஹா கேட்டாள்.

"இல்லக்கா." அது பொய்யும் இல்லை. "ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"வேணும்னா அவங்க கூப்பிடட்டும். நாம போய் நின்னா கெஞ்சுற மாதிரி இருக்கும்."

ஷீபா மேலே வற்புறுத்தவில்லை. தினமும் அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்தாள். மாதக் கடைசியில் பட்டியல் வந்தது. முதல் பெயர் சபிஹா. எதிரே, 'பத்து நாளில் பதில் இல்லை'. அதற்குக் கீழே வேறொருவர் பெயர், 'சேர்ந்துவிட்டார்' என்று. அந்தத் திங்கட்கிழமையே வாய் திறந்திருந்தால் மூன்று நாள் மிச்சம் இருந்திருக்கும்.

பிப்ரவரியில் சபிஹா வேலையை விட்டாள். முத்துப்பேட்டையில் அண்ணனின் செல்போன் கடையில் உட்காரப் போவதாகச் சொன்னாள். கடைசி நாளில் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"உம்மாவுக்கு சந்தோஷம். இனிமே செல்போனுக்கு உறை மாட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்று சிரித்தாள். பிறகு, தன் மண் குறிப்பு நோட்டுகளை ஷீபாவிடம் நீட்டினாள். "இதெல்லாம் நீயே வச்சுக்க. இல்லன்னா எடைக்குப் போடு. ஒரு பதில் போடக்கூட நான் லாயக்கில்லன்னு நெனச்சிட்டாங்கள்ல."

ஷீபா நோட்டுகளை வாங்கவில்லை.

"அக்கா, உங்களதான் மொதல்ல எடுத்தாங்க. லெட்டர் வந்துச்சு. நான்தான் உள்ள விடல."