பிரேக் இல்லாத தொட்டி

சேவியர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். முப்பது வருடங்களுக்கு மேலாக அதுதான் தொழில். புக்கிட் மேரா வட்டாரத்தில் அவரிடம் கற்று லைசென்ஸ் வாங்கியவர்கள் ஏராளம். அவருடைய கத்தலுக்குப் பயந்து பாதியில் நின்றவர்களும் ஏராளம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அஹ்சன் என்கிற பல் மருத்துவர் அவரிடம் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியவர், சாதுவான மனிதர். ஒரு திருப்பத்தில் சிக்னல் போட மறந்துவிட்டார். சேவியர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கார்க்காரர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். அடுத்த சிவப்பு விளக்கில் அஹ்சன் கியரை நியூட்ரலில் தள்ளினார், ஹேண்ட் பிரேக்கை ஒழுங்காக இழுத்தார், கதவைத் திறந்து இறங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

பச்சை விளக்கு எரிந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லை. பின்னால் வரிசையாக ஹார்ன். சேவியர் காரைச் சுற்றி ஓடி ஏறுவதற்குள் விளக்கு மறுபடி சிவப்பாகிவிட்டது.

வீட்டில் சொன்னபோது மனைவி லீலா சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "பல் டாக்டரையே அழ வச்சிட்டீங்களே. அவர்கிட்ட போறவங்கதானே அழுவாங்க?"

மறுநாள் அவள் ரவிக்கை தைக்கக் கொடுக்கத் தேக்கா கடைத்தெருவுக்குப் போனாள். தையல்கடைக்குப் பின்தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில் புதிதாகப் பலகை மாட்டியிருந்தார்கள். பனிக்கட்டித் தண்ணீரில் உட்கார்ந்து மனத்தை நிதானப்படுத்தும் பயிற்சி. மாடியேறி விசாரித்துவிட்டு, சனிக்கிழமைக்கு அவர் பெயரைப் பதிந்துவிட்டே வந்தாள்.

"ஐஸ்ல உட்கார்றதுக்கு நான் என்ன மீனா?" என்றார் சேவியர்.

"மீன் கத்தாதுங்க. அதான் உங்கள அனுப்புறேன்."

டாக்டரிடம் காட்டி, இதயம் நன்றாக இருக்கிறது, பிரஷர் இல்லை என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் கூட்டிப்போனாள். மாடியில் நான்கு மரத்தொட்டிகள். நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கூந்தலை உச்சியில் முடிந்திருந்தாள். சேவியரைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றாள்.

"சேவியர் சார்! என்னைத் தெரியலையா? நான் சுஷ்மிதா."

சேவியர் விழித்தார்.

"கிளட்ச்! கிளட்ச்! கிளட்ச்சுனா உனக்கு என்னன்னு தெரியுமா?" என்று அச்சு அசலாக அவர் குரலில் சொன்னாள் சுஷ்மிதா.

இப்போது தெரிந்தது. பாலிடெக்னிக் படிக்கும்போது வந்த பெண். மூன்றே வகுப்புதான், பிறகு வரவேயில்லை. சேவியர் மெதுவாக மாடிப்படிப் பக்கம் திரும்பினார். அங்கே லீலா நின்றிருந்தாள், இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு.

வேறு வழியில்லை. அரைக்கால் சட்டையோடு தொட்டிக்குள் காலை வைத்தார். கால் போன இடம் தெரியவில்லை. சுஷ்மிதா, "அப்படியே மெதுவா உட்காருங்க சார், தோள் வரைக்கும்" என்றாள். உட்கார்ந்தார். நெஞ்சில் யாரோ பலகையால் அறைந்த மாதிரி இருந்தது. மூச்சு உள்ளே போக மறுத்தது. வலது கால் தானாகவே தொட்டியின் அடியை ஓங்கி மிதித்தது.

"பிரேக்! பிரேக்! பிரேக்!" என்று அலறினார்.

அடுத்த தொட்டியில் கண்மூடி உட்கார்ந்திருந்த சீன இளைஞர் பதறி எழுந்தார். லீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுஷ்மிதா மட்டும் அசையவில்லை. தொட்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "இங்க பிரேக் இல்ல சார். வேணும்னா இப்பவே எழுந்துக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இருக்கணும்னா மூச்சை வெளிய விடுங்க. ஊதுற மாதிரி, நீளமா."

"முடியல!"

"ஒரே ஒரு மூச்சு. உள்ள தானா வரும்."

ஊதினார். பாதியில் தடுக்கியது. மறுபடி ஊதினார்.

"இப்ப என்ன தோணுது சார்?"

"செத்துடுவேன்னு தோணுது!"

"ஆமா லா. உங்க கார்ல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் அவள். குரலில் குத்தல் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். "இன்னொரு மூச்சு விடுங்க."

சேவியர் விட்டார். இந்த முறை அது நீளமாகப் போனது. பல் தந்தியடிப்பது குறைந்தது. பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று மோதும் சின்னச் சத்தம் கேட்டது. கீழே தெருவில் யாரோ ஒருவர் ஃபோனில் பிரியாணி சொல்லிக்கொண்டிருந்ததும் கேட்டது. குளிர் போகவில்லை, அங்கேயேதான் இருந்தது. ஆனால் அவர் அதோடு சண்டை போடவில்லை.

அப்போது ஒன்று புரிந்தது. இத்தனை வருடமாக அவர் கோபக்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் அப்படியே நம்பியிருந்தார். கோபம் இல்லை. பயம். தினமும் காலையில் ஸ்டியரிங் இல்லாத பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, தெரியாத ஆள் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு, காலடியில் ஒரே ஒரு பிரேக்கை நம்பிப் போகிறவனுக்கு வேறென்ன வரும்? அந்தப் பயம்தான் வாய் வழியாக வந்துகொண்டிருந்தது.

"போதும் சார், எழுந்துக்கோங்க" என்று சுஷ்மிதா துண்டை நீட்டியபோது, "இரும்மா, கொஞ்சம்" என்றார். லீலாவால் நம்ப முடியவில்லை.

பிறகு மூவரும் தேக்கா உணவங்காடியில் தே ஹாலியா என்கிற இஞ்சி டீ குடித்தார்கள். சேவியருக்கு முகமெல்லாம் சிவந்து, அநியாயத்துக்குப் பசித்தது. மூன்றாவது தோசையில்தான் கேட்டார், "அப்புறம் யாருகிட்ட கத்துக்கிட்ட?"

"யாருகிட்டயும் இல்ல. ஸ்டியரிங் பிடிச்சாலே உங்க சத்தம்தான் காதுல கேக்கும். எம்ஆர்டி ரயில் இருக்கே, பரவால்ல."

சேவியர் தோசையைப் பிய்த்தபடி இருந்தார். "என்கிட்ட வா. கத்த மாட்டேன். கத்தினேன்னா அடுத்த நாளே வந்து உன் தொட்டில உட்கார்றேன்."

"நானும் பின்சீட்ல வர்றேன்" என்றாள் லீலா. "சாட்சிக்கு."

அன்று மாலையே அஹ்சனுக்கும் ஃபோன் போட்டு மன்னிப்புக் கேட்டார். "சார், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் அஹ்சன்.

அடுத்த ஞாயிறு, புக்கிட் பாத்தோக்கில் ஒரு மேட்டுச் சாலை. சுஷ்மிதா ஓட்டினாள். மேட்டின் நடுவில் கார் இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. பின்னால் ஒரு லாரி நீளமாக ஹார்ன் அடித்தது. கார் பின்னால் சறுக்கத் தொடங்கியது. சேவியர் தன் பிரேக்கை மிதித்தார். வாய் திறந்தது. லீலா பின்சீட்டிலிருந்து முன்னால் குனிந்தாள்.

"ஃபூ..." என்று ஊதினார் சேவியர். இன்னொரு முறை, "ஃபூ..."

சுஷ்மிதா ஓரக்கண்ணால் பார்த்தாள். "சார், நீங்க கத்துறதைவிட இது பயமா இருக்கு."

மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சேவியர் கையை ஜன்னல் வழியே நீட்டி லாரிக்காரரைத் தாண்டிப் போகச் சொன்னார். "அவசரமே இல்ல. ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டு ஸ்டார்ட் பண்ணு. கிளட்ச்சை மெதுவா விடு. வண்டி லேசா நடுங்கும் பாரு, அங்க நிறுத்து. இப்ப ஹேண்ட் பிரேக்கை இறக்கு."

கார் முக்கியது, முனகியது, பிறகு மேடேறியது. சுஷ்மிதா "ஐயோ போகுது சார், போகுது!" என்று கத்தினாள். மேட்டின் உச்சி வரை கத்திக்கொண்டேதான் ஓட்டினாள்.

கடைசியில் சேவியர் வீட்டு அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த கார் நிறுத்துமிடத்தில் தானே நிறுத்திவிட்டு, வெற்றியோடு சாவியைத் திருப்பினாள். லீலா கைதட்டினாள். சேவியர் இறங்கி, காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இரண்டு வண்டிக்கான இடத்தில் கார் கோணலாகப் படுத்திருந்தது.

"எப்படி சார்?"

"ரொம்ப நல்லா நிறுத்தியிருக்க" என்றார் சேவியர். "பக்கத்துல எவனும் வந்து இடிக்க முடியாது."