விக்கிரவாண்டியிலிருந்து விழுப்புரம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ஏரிக்கரையும் வயல்வழியுமாகப் போகும் பாதையைச் சாரணர்களுக்காக நாலு பகுதியாகப் பிரித்திருந்தார்கள். நாலையும் நடந்து முடித்தால் நடைப்பயண விருது. பன்னிரண்டாவது படிக்கும் புனிதாவுக்கு மிச்சமிருந்தது கடைசிப் பகுதி மட்டும்தான், விக்கிரவாண்டியிலிருந்து விழுப்புரம் வரை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சாரணியர் கூட்டம் ஏரிக்கரையை விட்டிறங்கி, நெடுஞ்சாலையைக் கடக்க நின்றது. அவர்கள் கண்ணெதிரிலேயே ஒரு கார் மொபெட் ஒன்றை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் பறந்தது. அழைத்து வந்த சித்ரா டீச்சர் ஆம்புலன்சுக்குப் போன் செய்தபடியே மற்றப் பெண்களை ஓரமாக நிறுத்தினார். முதலுதவிப் பயிற்சி முடித்திருந்த புனிதா ஓடிப்போய், விழுந்து கிடந்தவர் பக்கத்தில் மண்டியிட்டாள்.

வெளியே பெரிதாக ரத்தமில்லை. வயிறு மட்டும் கல்லாக இறுகியிருந்தது.

"பாப்பா, தண்ணி குடு."

வயிற்றில் அடிபட்டவருக்குத் தண்ணீர் தரக்கூடாது என்று முகாமில் படித்திருந்தாள். "வண்டி வந்துக்கினே இருக்குதுங்க. டாக்டர் பார்த்ததும் குடுப்பாங்க."

"ஒரே ஒரு வாய்."

"வேணாங்க, உங்க நல்லதுக்குத்தான்."

அவர் திரும்பக் கேட்கவில்லை. அவள் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

"நீ செஞ்சது சரிதான், டாக்டரே சொன்னாரு" என்றார் டீச்சர். புனிதாவுக்குச் சோறு இறங்கவில்லை. உதட்டையாவது நனைத்திருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது. தோன்றிய நேரத்திலிருந்து அது விடவில்லை.

காரியம் முடிந்தபின் விசாரித்துக்கொண்டு அவர் ஊரான காணைக்குப் பஸ் ஏறினாள். இறந்தவர் பெயர் தாண்டவராயன், கரும்புப் பயிர் வைத்திருந்தவர். அவர் மனைவி சின்னபொண்ணு அவளை உட்காரச் சொன்னாள்.

"கூட இருந்த பொண்ணு நீதானா? எதனா கேட்டாராம்மா?"

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் புனிதா வழியெல்லாம் நினைத்து வந்தாள். வாய் வரவில்லை.

"தண்ணி கேட்டாருங்க. நான் குடுக்கல. குடுக்கக் கூடாதுன்னு சொல்லிக்குடுத்திருந்தாங்க."

சின்னபொண்ணு திட்டவில்லை. "பச்சத் தண்ணி தானேம்மா கேட்டாரு" என்றாள். உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. புனிதா எழுந்தாள்.

"இரு. கடைசி நேரத்துல, போவச்சொல்லோ தனியாவா இருந்தாரு?"

"இல்லீங்க. வண்டியில ஏத்துற வரைக்கும் என் கையைப் புடிச்சிக்கினு இருந்தாரு."

"எந்தக் கை?"

புனிதா வலது கையை நீட்டினாள். சின்னபொண்ணு அதை இரண்டு கையாலும் வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து அழுதாள். புனிதாவும் அழுதாள். யாரும் அவர்களைப் பிரிக்க வரவில்லை.

அன்று பாதியில் நின்ற நடைக்கு அடுத்த மாதம் டீச்சர் வேறு நாள் குறித்தார். புனிதா நடந்து முடித்தாள், விருதுச் சின்னமும் வந்தது. சீருடையில் தைத்துத் தர அம்மா ஊசியில் நூல் கோத்தபோது, "இப்ப வேணாம்மா" என்றாள்.