மொட்டைமாடிக் கதவு

1

என் மனைவி ஒரு சாயங்காலம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அவளுக்கு உயிர் போய் உயிர் வந்த அந்த நாளில் எனக்குக் கதை கிடைத்த சந்தோஷம்.

அவள் கல் குவாரியில் பாதுகாப்பு அதிகாரி. பாறைக்கு வெடி வைக்கலாமா கூடாதா என்று கடைசியாகத் தலையாட்டுவது அவள்தான்.

முதல் தொடக்கம்: மலை அன்று அழுதது. அதன் கண்ணீர்...

(விட்டுவிட்டேன். "மலை எங்க அழுதுச்சு? தூசிதான் பறந்துச்சு" என்றாள்.)

2

இரண்டாவது தொடக்கம். வெடி நேரத்தில் பதுங்கும் அறையில் அவள் தொலைநோக்கியோடு நின்றாள். முதல் சங்கு ஊதினால் சுற்றியிருப்பவர்கள் வீட்டுக்குள் போய்விட வேண்டும். அடுத்த சங்குக்கு வெடி. நீளமான சங்கு ஊதிய பிறகுதான் வெளியே வரலாம்.

அன்று முதல் சங்கு ஊதியதும் குவாரிக்கு எதிர்வீட்டு மொட்டைமாடிக் கதவு படாரென்று திறந்தது. ஒரு பெண்மணி ஓடி வந்தார். தொலைநோக்கியில் அதைப் பார்த்ததும் இவள் கத்தினாள்:

"நிறுத்துங்க!"

வெடிக்காரர் விசையிலிருந்து கையை எடுத்தார். மேனேஜர் தலையில் கையை வைத்தார். இவள் ஹெல்மெட்டோடு அந்த வீட்டுக்கு ஓடினாள். அவர் தையல்காரம்மா. ஆஸ்பத்திரிகளுக்கு வெள்ளைக் கோட்டு தைப்பவர். துணியை நனைத்து மொட்டைமாடிக் கொடியில் உலர்த்திவிட்டுத்தான் வெட்டுவார்.

"சங்கு கேட்டா உள்ள போகணும்னு தெரியாதாம்மா?"

"தெரியாம என்ன? நீங்க ஊதினாத்தானே தூசி வரப்போகுதுன்னே தெரியுது. துணியெடுக்க வேற எப்ப ஓடுறது?"

துணியெல்லாம் உள்ளே போன பிறகுதான் அன்று வெடித்தார்கள்.

(இதை நானாகக் கற்பனை செய்திருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.)

"நான் ஊதுற சங்குதாங்க அவங்கள வெளிய இழுத்துட்டு வருது" என்றாள் என்னிடம். சாப்பாட்டைத் தொடவில்லை.

3

இங்கே ஒரு வில்லன் இருந்தால் தேவலை. மேனேஜருக்கு முறுக்கு மீசை வைத்து, கண்களைச் சிவக்கவைத்து...

ஒட்டவில்லை. அவர் முதலாளிக்குப் பயந்த, வயிற்று உபாதைக்கு மாத்திரை போடுகிற மனிதர். "தூசியைக் கையைப் பிடிச்சா நிறுத்த முடியும்?" என்று மட்டும் கேட்டார்.

இவள் உடும்புப்பிடியாகப் பிடித்தாள். வெடிக்கு முன் பாறையைக் குளிக்க வைக்க வேண்டும். காற்று வீடுகளுக்கு எதிர்ப்பக்கம் அடிக்கும்போதுதான் வெடிக்க வேண்டும். வெடிமருந்தைக் குறைத்து, குழிகளின் வாயைச் சல்லி போட்டு நன்றாக அடைக்க வேண்டும். "அடுத்த வெடியப்ப அந்தக் கொடியில எங்க வீட்டு வெள்ளைச் சட்டையும் தொங்கும் சார். அது அழுக்காச்சுன்னா, அப்புறம் இங்க வெடிக்கு நான் தலையாட்ட மாட்டேன்."

மேனேஜர் மாத்திரை போட்டுக்கொண்டு சம்மதித்தார். தையல்காரம்மா சிரித்தார். "உங்க சட்டை தொங்கட்டும். நான் துணியையும் எடுக்கல, வெளியவும் வரல."

(சட்டை என்னுடையது. விசேஷங்களுக்குப் போட எனக்கிருக்கும் ஒரே நல்ல சட்டை. யாரும் என்னைக் கேட்கவில்லை.)

4

வெடி நாளைக்கு. சட்டை இஸ்திரி போட்டு என் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது. ஆக, முடிவு எனக்கும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, எழுத்தாளன்தானே?

முடிவு ஒன்று: எல்லாம் நல்லபடியாக நடக்கிறது, கைதட்டுகிறார்கள். (நீங்கள் கொட்டாவி விடுவீர்கள்.)

முடிவு இரண்டு: முதல் சங்கு. பழக்கதோஷத்தில் தையல்காரம்மா கதவருகே ஓடுகிறார். தாழ்ப்பாளில் கை. அப்போது ஒரு கல்...

"நிறுத்துங்க!"

என் தோளுக்கு மேலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். வெடிக்காரரின் கையை எடுக்க வைத்த அதே குரல். நானும் கையை எடுத்துவிட்டேன்.

"கதைக்காகக்கூட அந்தக் கதவைத் திறக்காதீங்க."

"ஒண்ணுமே நடக்கலன்னா அது எப்படிம்மா கதையாகும்?"

"ஒண்ணும் நடக்காம இருக்கத்தானே நான் இவ்வளவு பாடுபடுறேன்?"

எனக்குப் பெருமைதான் வந்தது. இவள் என் மனைவி என்று தெருவில் நின்று கத்தலாம் போலிருந்தது. என் கதைகளில் எத்தனையோ பேரைச் சாகடித்திருக்கிறேன். இவளோ முகம் தெரியாதவர்களுக்கும் சேர்த்துக் காவல் நிற்கிறாள்.

எனவே தையல்காரம்மாவின் கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுத்துவிட்டேன். அவரை உள்ளே நாற்காலியில் உட்கார வைத்தாயிற்று. இரண்டாவது சங்கையும் ஊதிவிட்டேன். பாறை அதிர்கிறது. கொடியில் என் சட்டை ஆடுகிறது. கதவு மூடியே இருக்கிறது.

சட்டை வெள்ளையாக இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க உங்களுக்கு ஆசையாக இருக்கும். பொறுங்கள். நீளமான சங்கு இன்னும் ஊதவில்லை. அதை ஊத வேண்டியவள் அவள். அதுவரை நீங்களும் உள்ளேயே இருங்கள்.