முப்பத்துநான்கு சரிகள்

எங்கள் கட்சிக்குப் பெயர் நீளம், ஆள் குறைவு. தனித்தமிழ் உழைப்பாளர் முன்னணி. தனிநாடு வேண்டும், அங்கே உழுதவனுக்கே காணி சேர வேண்டும் என்றோம். ஊர் சிரித்தது. எங்களால் வெல்லக்கூடியதாக இருந்த ஒரே இடம், 1969 கிராமசபைத் தேர்தலில் எங்கள் வட்டாரம். என் கணவர் மகேசன்தான் வேட்பாளர். பதினொரு வாக்கால் தோற்றார். அவருடைய மண்வெட்டிச் சின்னத்துக்கு நேரே சரி போட்டிருந்த முப்பத்துநான்கு சீட்டுகளைக் கழித்துவிட்டார்கள். சரி செல்லாது, பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடிதான் போட வேண்டுமாம்.

வாக்குப் போடப் பழக்கும் பொறுப்பு மகேசனின் உயிர்ச் சிநேகிதர் ஜெயரட்ணத்துடையது. பெண்கள் அவரோடு கதைக்கக் கூச்சப்பட்டதால், மகேசனுக்குச் சொல்லாமல் ஒரு பின்னேரம் நான் அவர்களிடம் வீடு வீடாகப் போனேன். நான் ரீச்சர். பிழைக்குத்தானே புள்ளடி போட்டுப் பழக்கம்? என் மனுசனுக்குப் பிழை போடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. "மண்வெட்டிக்குச் சரி போடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். படித்த முட்டாள்.

மகேசன் பழியை ஜெயரட்ணத்தின் தலையில் போட்டார். துரோகி என்றார். அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் கட்சியை விட்டுப் போனார். அடுத்த இரண்டு தேர்தலிலும் எங்களுக்குக் கட்டுக்காசும் மிஞ்சவில்லை. பிறகு கட்சியே இல்லை. நான் வாயே திறக்கவில்லை.

விதியைப் பாருங்கள், இரண்டு குடும்பமும் ஆக்லாந்துக்கே வந்து சேர்ந்தோம். நாங்கள் மனுரேவாவில், அவர்கள் ஹென்டர்சனில். 96 ஐப்பசியில் ஜெயரட்ணத்தின் மனைவி ரதிதேவி போன் எடுத்தாள். புற்றுநோய் முற்றிவிட்டதாம், மகேசனைப் பார்க்கக் கேட்கிறாராம்.

"அவன்ர முகத்தில முழிக்கமாட்டன்" என்றார் இவர்.

அந்தச் சனிக்கிழமை இங்கே தேர்தல். வாக்குச்சீட்டில் சரி போடும்படி அச்சடித்திருந்தார்கள். நானும் சரி போட்டேன். காரில் ஏறியதும் சொல்லிவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, அந்த முப்பத்துநாலும் நான் சொல்லிக் குடுத்தது. அவர் இல்லை."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் காரை நேரே ஹென்டர்சன் பக்கம் விட்டார்.

வாசல் நிறையச் செருப்புகள். ஜெயரட்ணம் விடியவே போய்விட்டார்.

நான் ரதிதேவியின் கையைப் பிடித்து, "குற்றம் என்னில" என்றேன்.

"தெரியும் அக்கா. வாக்கு எண்ணி முடிஞ்ச அண்டைக்கே அந்தப் பெண்டுகள் இவரிட்டச் சொல்லிப்போட்டினம். 'மகேசன் கோவக்காரன், குடும்பம் குலைஞ்சிடும், என்னையே ஏசட்டும்' எண்டு விட்டிட்டார்."

மகேசன் கிட்ட வந்தார். "பிறகேன் பிள்ளை என்னைக் கூப்பிட்டவன்?"

"இந்தமுறை இஞ்ச தேர்தல் விதியை மாத்தினதால சின்னக் கட்சியளுக்கும் சீட் கிடைக்குமாம் அண்ணை. 'மகேசனுக்குத்தான் இதின்ர சந்தோசம் விளங்கும், ஒருக்கா அவனோட இருந்து கதைக்கோணும்' எண்டார்."

மகேசன் அப்படியே நிலத்தில் குந்தி அழுதார். என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.