திருஇருதயப் படத்துக்குக் கீழே ஒரு செவ்வந்தி

அம்மா ஆண்டவரிடம் கேட்டது ஒரேயொரு பூ. எங்கள் வீட்டுச் செவ்வந்தி பூத்தால் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். இந்த ஒப்பந்தத்துக்கு ஆண்டவர் சம்மதித்தாரா என்று ஒருமுறை கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்பாவின் பெயர் நோபேட். கப்பலொன்றில் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். கப்பல் மூழ்கி ஆறு வருடமாகிவிட்டது. கூட வேலை செய்தவர்களின் வீடுகளில் ஆன்ம சாந்திப் பூசை ஒப்புக்கொடுத்து முடித்துவிட்டார்கள். எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் மட்டும் அம்மா கறுப்பு உடுக்கவில்லை. ஒவ்வொரு நவம்பரும் மரித்தவர்களுக்கான பூசையில் வாசிப்பதற்குக் கோயிலில் பெயர்கள் எழுதிக் கொடுப்பது வழக்கம். அப்பப்பா, அம்மம்மா, பிறந்தவுடனே போய்விட்ட தம்பி கிளெமென்ற், எல்லோரும் எங்கள் தாளில் இருப்பார்கள். அப்பா இருக்கமாட்டார்.

அவர் திரும்பி வரும்வரை இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன்னால் எரியும் சிவப்பு பல்பை இரவிலும் நூர்ப்பதில்லை, அணையாமல் வைத்திருப்பது என்று அம்மா நேர்த்தி வைத்திருந்தார். செவ்வந்தி, அப்பா நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது. ஆசீர்வாதம் கிடைக்கட்டும் என்று சாடியைப் படத்துக்கு நேர் கீழே, யன்னலோரமாக அம்மா வைத்தார். செடி தழைத்தது. கிளையை ஒடித்து அதே சாடியில் நட்டால் அதுவும் தழைத்தது. ஆறு வருடத்தில் ஒரு மொட்டுக்கூட வரவில்லை.

நோன்புப் பெருநாளன்று பக்கத்து வீட்டு ஸமீம் நானா வட்டிலப்பம் கொண்டுவந்தார். அந்த மாதம்தான் குடிவந்தவர். அதற்கு முன் பத்து வருடம் நுவரெலியாவில் ஒரு பூத்தோட்டத்தில் வேலை பார்த்தவர்.

"என்ன செழிப்பு! பூ எத்தன வந்திச்சி?"

"ஒண்டும் வரேல்லை," என்றார் அம்மா.

அவர் செடியைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். "இந்த பல்ப் ராவெல்லாம் எரியுமா, அக்கா?"

"ஆறு வருசமா ஒரு நாளும் நூர்க்கேல்லை." அம்மாவின் குரலில் பெருமை.

"அதான். செவ்வந்திக்கி ராவு இருட்டா ஈக்கணும். வெளிச்சம் பட்டா மொட்டு வைக்காது. எங்கட தோட்டத்துல பூ பிந்தி வரணுமெண்டாத்தான் ராவுல லைட் போடுவோம்."

அவர் போனபிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. பூவைக் கேட்டவரே ஆறு வருடமாக அதை மறித்து வைத்திருக்கிறார். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ, அம்மா. பின்னேரத்தில சாடியை நான் குசினிக்குள்ள தூக்கி வைக்கிறன். லைற் எரியட்டும்."

அம்மா ஓர் இலையைத் தடவினார். "பாவமடி, கொறற்றி. ஆறு வருசமா இதை நித்திரை கொள்ள விடேல்லை நான்." பிறகு என்னைப் பார்த்தார். "உன்னையும்தான்."

ஸ்ரூலில் ஏறி அவரே பல்பைக் கழற்றினார். நான் ஸ்ரூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒக்ரோபரில் மொட்டு வந்தது. கடைசி வாரத்தில் ஏழு மஞ்சள் பூக்கள். எனக்குப் பயம் பிடித்தது. ஒப்பந்தப்படி இப்போது அப்பா உயிரோடு இருக்கிறார். அம்மா மறுபடியும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தொடங்கினால் என்னால் தாங்க முடியாது.

நவம்பர் முதலாம் திகதி காலை அம்மா ஏழு பூக்களையும் வெட்டிப் பேப்பரில் சுற்றினார். "கோயிலுக்கு வா," என்றார்.

கோயில் கந்தோரில், மேசையில் இருந்த எழுத்தரிடம் தாள் வாங்கிக்கொண்டு வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். அப்பப்பா, அம்மம்மா, கிளெமென்ற். அதற்குப் பிறகு பேனை நெடுநேரம் நின்றது. பிறகு, ஒவ்வோர் எழுத்தாக, நோபேட் என்று எழுதினார்.

"அம்மா, பூத்திட்டுதே?" என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஓம் பிள்ளை. இருட்டினதால பூத்தது. அவர் வாறதால இல்லை." தாளை மடித்து என் கையில் தந்தார். "நீ கொண்டுபோய்க் குடு. என்னால ஏலாது."

மேசைவரை பத்தடிதான். நான் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, பூக்களை மடியில் வைத்துக்கொண்டு அம்மா வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.