நின்றாலும் அணையாத விளக்கு

மஞ்சள் வட்டம் ஒன்று சக்கரத்துக்கு முன்னால் நடுங்கி நடுங்கி ஓடுகிறது, அவர் வேகமாக மிதித்தால் வெளுக்கிறது, ரயில்வே பாலத்து மேட்டில் மூச்சு வாங்கும்போது சிவந்து மங்குகிறது, தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வீடு திரும்பும் கார்த்திகை மாதத்து ஆறரை மணி, கேரியரில் உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்திருக்கிறேன், சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது, மாமனார் காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கு, காற்றடித்தால் அணையும், இறங்கி இறங்கிக் கொளுத்த வேண்டும், அந்தச் சள்ளையே வேண்டாம் என்று என் கொழுந்தன் வெயிலுமுத்து தன் கையாலேயே பின்சக்கரத்தில் டைனமோ மாட்டிக் கொடுத்தான், டயரில் உரசுகிறவரை வெளிச்சம், நின்றால் இருட்டு, என்ன ஒன்று, மிதிக்கப் பாரம், அண்ணனும் மதினியும் இனிமே ராசா ராணி மாதிரி போங்க என்றான், ராசாவுக்கு மேட்டில் நாக்குத் தள்ளுகிறது, எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பார், சத்தமில்லாமல் கையை நீட்டி டைனமோவை டயரிலிருந்து விலக்கிவிட்டேன், என்ன இது, லைட்டு போச்சே என்கிறார், மிதி லேசாகிவிட்டது, உள்ளுக்குள் சிரித்துக்கொள்கிறேன், மேடு ஏறியதும் சொல்லலாம், எதிரே வந்த லாரிக்கு நாங்கள் தெரியவில்லை, என்னைப் பள்ளத்தில் எறிந்துவிட்டு அவரை மட்டும் கொண்டுபோய்விட்டது.

ஒரு ஸ்குரூவ ஒழுங்கா முடுக்கத் தெரியலையேடா பாவி என்று, டயரை விட்டு விலகிக் கிடந்த டைனமோவைக் காட்டி, சாவு வீட்டில் மாமனார் வெயிலுமுத்துவை அடிக்கிறார், அவன் வாங்கிக்கொண்டு நிற்கிறான், நான் வாயைத் திறக்கவில்லை, பதினாறு கழியட்டும் என்று நினைத்தேன், வருசம் திரும்பட்டும் என்று நினைத்தேன், முப்பத்தெட்டு வருசம் ஓடிவிட்டது, பாவி நான்தான், அவன் அந்தச் சைக்கிளை நெளிவெடுத்து என் வீட்டில் நிறுத்தினான், புதுசாக எந்த விளக்கு வந்தாலும் வாங்கிவந்து, ஓட்ட ஆளில்லாத அதில் மாட்டுவான், முதலில் செல் போட்ட பெட்டி விளக்கு, அப்புறம் பின்னால் மினுக் மினுக்கென்று சிவப்பு, இன்று போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறுகிற எல்இடி, மதினி, இது நின்னாலும் அணையாது, லாரிக்காரன் அரை மைல்லயே பாத்துருவான், அன்னைக்கு மட்டும் இது இருந்திருந்தா, என்று விளக்கைத் துடைத்துவிடுகிறான், அவன் தலையெல்லாம் நரைத்துவிட்டது, சொல்லிவிட்டேன், எப்படியோ சொல்லிவிட்டேன், தம்பி, உன் ஸ்குரூல ஒரு குத்தமும் இல்ல, அவருக்கு மிதிக்கப் பாரமா இருக்கேன்னு நான்தான் கைய நீட்டி டைனமோவ வெலக்கிவிட்டேன், அவன் என்னையே பார்த்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான், என்னையத் தேத்துறதுக்கு உங்க மேலயே பழியப் போட்டுக்கிறீங்களே மதினி, இந்த மனசு யாருக்கு வரும், சத்தியமாத்தான் சொல்றேன் என்றேன், சரி மதினி, சரி, என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, முன்னைவிடக் கூனிக்கொண்டு போகிறான்.

ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிளிலிருந்து வெள்ளை வட்டம் சுவரில் விழுகிறது, மிதிக்க ஆளில்லை, ஆனாலும் மங்கவில்லை, நடுங்கக்கூட இல்லை, நான் கையை நீட்டுகிறேன், தடவித் தடவிப் பார்க்கிறேன், இதை எப்படி அணைப்பது என்று அவன் சொல்லாமல் போய்விட்டான்.