கருத்து எண் 215

பன்னிரண்டு வருஷமாக மாசிலாமணிக்கு யாரும் பதில் சொல்வதில்லை. விருத்தாசலத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். டீக்கடையில் கேட்டால் டீ வரும், பதில் வராது. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் பேசப் போய்விடுவார். அவர்மேல் யாருக்கும் கோபம் கிடையாது. அவர் பேசினால் காதில் விழும், பதில் மட்டும் வாய்க்கு வராது, அவ்வளவுதான். டாக்டர் இதற்கு ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். எத்தனை சொட்டு என்று கேட்டதற்கு அவரும் பதில் சொல்லவில்லை.

அவருக்குப் பதில் சொன்னது மத்தியக் கல்வி விதிகள் மன்றம் மட்டும்தான். அதற்குப் பாசம் காரணமில்லை. சட்டம் அப்படி. மன்றம் ஒரு விதி போட வேண்டுமானால் முதலில் அதன் வரைவை அரசிதழில் வெளியிட வேண்டும். முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் பொதுமக்களில் யார் என்ன கருத்து எழுதினாலும் அரசிதழிலேயே பதில் சொல்ல வேண்டும். ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, கவனிக்கப்பட்டது என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லி, காரணமும் எழுத வேண்டும். ஒரே ஒரு கருத்துக்குப் பதில் பாக்கி இருந்தாலும் விதி அமலுக்கு வராது. அந்த விதி முடியாமல் அடுத்த வரைவைத் தொடவும் கூடாது.

மாசிலாமணி அரசுக் கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா செண்பகவல்லியோடு இருந்தார். அக்கா இறந்த வாரத்தில் தெருவில் ஒரு வரைவு விதி ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியிருந்தது பக்கத்து வீட்டு ஞானசேகர் நெஞ்சில். ஞானசேகர் அதற்கு முந்தின வருஷமே அறிவிப்புப் பலகை ஆகிவிட்டார். அவருடைய மனைவி தினமும் அவரை ஈரத்துணியால் துடைத்து, வெயில் ஏறினால் நிழலுக்கு நகர்த்தி வைப்பார்.

அந்த வரைவு பள்ளிக் கரும்பலகைகளின் உயரம் பற்றியது. மாசிலாமணி ஒரு தபால் கார்டு வாங்கி எழுதினார். "உயரம் சரியாக இருக்கிறது. என் அக்கா செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். விதியில் மாற்றம் ஏதும் தேவையில்லை."

கடைசி வரியை மரியாதைக்காகச் சேர்த்தார். முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதுகிறோம், நம்மால் அவர்களுக்கு வேலை வைக்கக் கூடாது என்று நினைத்தார். அவர் சுபாவம் அது. ஓட்டலில் தோசை கேட்டு உப்புமா வந்தால் உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு வருகிற ஆள்.

முப்பது நாள் கழித்து ஞானசேகர் நெஞ்சில் பதில் ஒட்டியிருந்தார்கள். "கருத்து எண் 1: ஒருவர் தம் அக்கா இறந்துவிட்டதாகத் தெரிவித்தார். மன்றத்தின் பதில்: நிராகரிக்கப்பட்டது. காரணம்: இதை ஏற்க மன்றத்துக்கு மனம் வரவில்லை."

மாசிலாமணி ஞானசேகரின் தோளில் நெற்றியை வைத்து அழுதார். பலகை என்ன சொல்லும்?

அதற்குப் பிறகு அவர் ஒரு விதியையும் விடவில்லை. விளையாட்டு வாத்தியார் விசில் எத்தனை முறை ஊதலாம் என்று ஒரு விதி வந்தது. அதற்கு முழங்கால் வலியைப் பற்றி எழுதினார். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது நல்லது என்று மன்றம் கருதியது. வருகைப் பதிவேட்டின் அட்டை நிறம் பற்றிய விதிக்கு, மழையில் வேட்டி நனைந்ததை எழுதினார். கவனிக்கப்பட்டது என்றும், ஐப்பசியில் மாடியில் காயப்போட வேண்டாம் என்றும் பதில் வந்தது. கறிவேப்பிலைச் செடி பட்டுப்போனது, ஆய்வகத்தில் தராசுத் தட்டு தொலைந்தது, தீபாவளிக்கு ஒருவரும் வராதது என்று எல்லாவற்றையும் எழுதினார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. ஒவ்வொரு கார்டின் முடிவிலும் விதியில் மாற்றம் ஏதும் தேவையில்லை என்று மறக்காமல் எழுதினார். பல விதிகளுக்கு இரண்டு கார்டு போட்டார். இப்படி இருநூற்றுப் பதினான்கு கருத்துகள் ஆகின.

பன்னிரண்டாவது வருஷம் தை மாதம் ஞானசேகர் நெஞ்சில் ஒரு புது வரைவு இருந்தது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் முறையை நீக்குவதற்கான விதி அது. காரணமும் போட்டிருந்தார்கள். கடந்த ஆண்டுகளில் மொத்தம் 214 கருத்துகள் வந்துள்ளன. 214இலும் மாற்றம் ஏதும் தேவையில்லை என்று பொதுமக்கள் திட்டவட்டமாகக் கூறியுள்ளனர். பொதுமக்களின் இந்த ஒருமித்த விருப்பத்தை மதித்து, இனி அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை என்று மன்றம் முடிவு செய்துள்ளது.

மாசிலாமணி அதை மூன்று தடவை படித்தார். தன் கையாலேயே தன் வாயில் மண்ணைப் போட்டுக்கொண்டது அவருக்குப் புரிந்தது. பன்னிரண்டு வருஷமாக மரியாதை, மரியாதை என்று எழுதி வைத்தால் வேறென்ன ஆகும்?

கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. இந்த ஒரு விதிக்கு மட்டும் கருத்தை நேரில், வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். முப்பதாவது நாள், காலை பத்து மணி. இடம்: பொதுமக்களின் வீடு. அதற்குப் பக்கத்தில் அவருடைய கதவு எண் போட்டிருந்தது.

முப்பது நாளும் அவர் பயிற்சி செய்தார். ஆய்வகத்தில் யாரும் இல்லாதபோது வோல்ட்மீட்டரின் முன் நின்று "இந்த விதி வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தார். முதல் வாரம் முழுக்க உதடு மட்டும் அசைந்தது. இருபதாம் நாள் சுவரைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. இருபத்தொன்பதாம் நாள் சத்தமாகவே வந்தது. முள் கூட லேசாக அசைந்த மாதிரி இருந்தது.

முப்பதாம் நாள் விடியற்காலையில் எழுந்து பதினான்கு பேருக்குச் சமைத்தார். சாம்பார், பீன்ஸ் பொரியல், ரசம். யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஆள் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது, அவருக்குக் கை நிற்கவில்லை.

பத்து மணிக்கு மன்றம் விழுப்புரம் பஸ்ஸில் வந்து இறங்கியது. தலைவரும் உறுப்பினர்களுமாகப் பதினொரு பேர். ஒரு பியூன். பிரிவு அலுவலர் கோமளா என்று ஒரு அம்மா. இவர்களோடு ஒரு இரும்பு பீரோவும் தனி சீட்டில் உட்கார்ந்து வந்திருந்தது. பீரோவைச் சமையலறையில் அடுப்புக்கு முன்னால் வைத்தார்கள். விசாரணை அங்கேதான் என்றார்கள். காத்திருக்கும் இடம் நூற்றுநாற்பது அடிக்குக் குறையக் கூடாது என்று விதி இருந்ததால், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த ஆறடி நடை நூற்றுநாற்பது அடியாக நீண்டது. மாசிலாமணியின் நாற்காலியை அதன் இந்தக் கோடியில் போட்டார்கள்.

பியூன் அவரிடம் ஒரு டோக்கனை நீட்டினார். நாற்பத்தொன்று.

"இது என் வீடுங்களே" என்றார் மாசிலாமணி.

"தெரியும் சார். உங்களுக்கு முன்னாடி நாப்பது பேர் இருக்காங்க."

பன்னிரண்டு வருஷத்தில் மாசிலாமணி காதில் விழுந்த முதல் பதில் அது. டோக்கனைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

ஒன்றாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். யாரும் இல்லை. இல்லாதவருக்கும் மூன்று நிமிஷம் கொடுக்க வேண்டும் என்பதால் கொடுத்தார்கள். இரண்டாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். அப்படியே நாற்பது பேருக்கும் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் அவர் தன் வீட்டு நடையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார். தூரத்தில் சமையலறையில் ஆட்கள் இருமுவது கேட்டது. வீட்டில் இன்னொருவர் இருமும் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். நாற்பது பேர் போதாது, நானூறு பேர் இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

நாற்பத்தொன்றைக் கூப்பிட்டார்கள். அவர் நடந்து போய்ச் சேர்ந்தார்.

கோமளா அம்மா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மிக்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். தலையைத் தூக்கி அவருடைய காலைப் பார்த்தார்.

"முழங்கால் இப்ப தேவலையா?"

"அது விதிக்கு வெளியே" என்றார் தலைவர். கோமளா அம்மா நோட்டின் பக்கம் திரும்பினார்.

மாசிலாமணிக்கு விளங்கிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது இந்த அம்மாதான். அக்காவின் சாவை ஏற்க மனம் வராததும் இந்த அம்மாவுக்குத்தான். ஆக, மன்றம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது இத்தனை நாளும் ஒரே ஒரு ஆள்.

தலைவர் கடிகாரத்தைத் தட்டினார். "மூணு நிமிஷம். கருத்தைச் சொல்லுங்க."

மாசிலாமணி நிமிர்ந்து நின்றார். பதினொரு பேர் அவரைப் பார்த்தார்கள். இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள், அதிலும் ஒருவர் வயசானவர், நம்மால் இவர்களுக்கு எதற்கு வேலை என்று நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குழைந்தது.

"விதியில் மாற்றம் ஏதும் தேவையில்லைங்க" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. தலைவர் ரொம்ப சந்தோஷம் என்றார். உறுப்பினர்கள் எழுந்து வேட்டியை உதறினார்கள். பியூன் பீரோவின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். பீரோ நகர்ந்ததும் அடுப்பின் மேல் இருந்த பாத்திரங்கள் தெரிந்தன.

மாசிலாமணிக்கு உலகமே கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் புறப்படும்போது வாயில் என்ன வருமோ அதுதான் வந்தது.

"ஏம்மா, சாப்பிட்டீங்களா?"

கோமளா அம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்.

அதை எதற்கு எழுதுகிறீர்கள் என்று தலைவர் கேட்டார். இன்னும் ஒரு நிமிஷம் இருபது விநாடி பாக்கி இருக்கிறது, நேரத்துக்குள் சொன்னதெல்லாம் சேர்ந்து ஒரே கருத்துதான், இதற்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்றார் கோமளா அம்மா.

"ஏற்கப்பட்டதுன்னு போடுங்க."

"சாப்பாட்டை ஏத்துக்கிட்டதா ஆயிடும் சார்."

"நிராகரிக்கப்பட்டது?"

"அவர் எதுவும் வேணும்னு கேக்கலையே சார், நிராகரிக்க."

கவனிக்கப்பட்டது என்று போடலாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். போடலாம், ஆனால் சாப்பிட்டோமா இல்லையா என்று காரணத்தில் எழுத வேண்டும் என்றார் கோமளா அம்மா. மன்றம் என்றால் பதினொரு பேரும் சேர்ந்துதான் மன்றம், தனியாக யாரும் சாப்பிட முடியாது. உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் விழுப்புரத்தில் இட்லி சாப்பிட்டதாகச் சொன்னார். இல்லை, அது போன கூட்டத்துக்கு என்றார் இன்னொருவர். வயதானவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்றார். கடைசியில் தலைவர், விஷயம் மன்றத்தின் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது என்று அறிவித்துவிட்டு நடையில் இறங்கி நடந்தார். மற்றவர்களும் பீரோவும் பின்னால் போனார்கள்.

கோமளா அம்மா கடைசியாகப் புறப்பட்டார். சாம்பாரின் வாசனை சமையலறை முழுக்க இருந்தது. மாசிலாமணி ஒரு தட்டைக் கழுவி எடுத்து வந்தார். ஒரு வாயாவது சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றார்.

அந்த அம்மா தட்டைப் பார்த்தார். பசி முகத்திலேயே தெரிந்தது.

"நீங்க ஏம்மான்னு என்னைத்தான் கேட்டீங்க. இங்க சாப்பிட்டா பதில் தெரிஞ்சு போயிடும் சார். பதில் தெரிஞ்சா நான் எழுதணும். எழுதிட்டா விதி அமலுக்கு வந்துடும்." நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நான் மெதுவாத்தான் எழுதுவேன்."

நூற்றுநாற்பது அடி நடந்து அவர் வாசலைத் தாண்டும் வரை மாசிலாமணி தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு பேர் சாப்பாட்டில் ஒரு பிடியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை மூடி வைத்தார்.

நடை திரும்பக் குறுகவில்லை. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். கரும்பலகைக்கும் விசிலுக்கும் புது விதி எதுவும் வருவதில்லை. இது முடியாமல் அடுத்ததைத் தொட முடியாது. ஆகவே அவர் எழுதவும் ஒன்றும் இல்லை, அவருக்குப் பதில் வரவும் வழி இல்லை. முன்பு ஒரு பதிலாவது வந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் கிடையாது.

சனிக்கிழமை தோறும் அரசிதழ் வரும். ஞானசேகரின் மனைவி நெஞ்சைத் துடைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். மாசிலாமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பயந்துகொண்டே படிப்பார். "கருத்து எண் 215: பரிசீலனையில் உள்ளது." அவருக்கு மூச்சு வரும்.

அடுத்த வாரமும் பதில் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வார். அந்த அம்மா எங்கேயாவது சாப்பிட்டிருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொள்வார். பிறகு உள்ளே போய், நடையை மெல்லக் கடந்து, இரண்டு பேருக்கு உலை வைப்பார்.